பேட்டரி இறங்கிய பதினாலு நாள்

லோடு வண்டில கையே வைக்கல பாய். நீங்க போன்ல சொன்னபடி அப்படியே விட்டுட்டேன். விடிகாலைல கிளட்சை மிதிச்சு சாவியைத் திருப்பினேன். டிக்குனு ஒரு சத்தம். இன்னொரு தடவை திருப்பினேன், அந்தச் சத்தமும் இல்ல. சாவியை உருவிக்கிட்டு இறங்கிட்டேன். கியரைக்கூடத் தொடல. நேத்து சாயங்காலம் எப்படி நிறுத்தினேனோ அப்படியே நிக்குது.

நீங்க மீட்டரை எடுங்க. நான் பேசிக்கிட்டே இருப்பேன், தப்பா நினைக்காதீங்க. எட்டு மாசமா யார்கிட்டயும் இதை முழுசாச் சொன்னதில்ல.

உங்களுக்கு முன்னாடி மூணு எலக்ட்ரீஷியன் பாத்துட்டாங்க. ஒருத்தர் பேட்டரி செத்துப்போச்சுன்னாரு, மாத்தினேன். ஒருத்தர் டைனமோன்னாரு, கழட்டி மாட்டினாரு. மூணாவது ஆள் வத்தலக்குண்டுல. ரெண்டு நாள் ஷெட்லயே வண்டியை வச்சுப் பாத்தாரு. ரெண்டு நாளும் காலைல தொட்டதும் ஸ்டார்ட்டு. "வண்டில ஒண்ணும் இல்லண்ணே, உங்களுக்குத்தான் மனசு சரியில்ல"ன்னு சிரிக்கிறாரு. அவர் சிரிச்சப்பதான் எனக்கு விளங்குச்சு. ஷெட்ல நின்னா இறங்க மாட்டேங்குது. என் வீட்டு வாசல்ல நின்னா இறங்குது. அப்ப கோளாறு வண்டில இல்ல பாய். வாசல்ல இருக்கு.

அந்த ஜீப்பைப் பாருங்க. கீழ, சாமந்திப்பூ தோரணம் கட்டியிருக்கிற வீட்டுக்கு முன்னாடி. அது வேலப்பன் ஜீப். எனக்கு மச்சான் முறை. மேல ரோட்டுலேருந்து இந்தச் சரிவுல இறங்கினா முதல்ல என் வீடு, அடுத்தது அவன் வீடு, அதோட பாதை முடிஞ்சுது. வண்டி திருப்பறதுக்கு இருக்கிற ஒரே சமதரை அவன் வாசல்தான். அது பொது இடம். ஆனா அவன் ஜீப் நின்னா அவன் இடம்.

இப்ப காலண்டரைக் காட்டறேன். இருங்க, சட்டைக்குள்ளதான் சுருட்டி வச்சிருக்கேன். இந்தச் சிவப்பு வட்டம் பேட்டரி இறங்கின நாள். எட்டு மாசத்துல பதினாலு. நீல வட்டம், அவன் ஜீப் எனக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து நின்ன நாள். நீலம் இல்லாம ஒரு சிவப்பு காட்டுங்க. காட்ட முடியாது. அவன் பழநிக்கு சவாரி போனா, தேனிக்குப் போனா, என் வண்டி சமத்தா ஸ்டார்ட் ஆவுது. அவன் வீட்டுல இருந்தா ஆவாது. நான் படிச்சவன் இல்ல. ஆனா இதுக்குப் படிப்பு வேணுமா?

சிவப்பு இல்லாத நீலமும் கொஞ்சம் இருக்கு, ஒத்துக்கறேன். தினமும் செய்வானா? செஞ்சா மாட்டிக்குவான்ல.

ஏன் செய்றான்னு கேளுங்க. நீங்க கேக்க மாட்டீங்க, வேலைல இருக்கீங்க. நானே சொல்றேன். போன பங்குனில ஒரு நாள் வந்தான். "மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க விடிகாலைல ரிவர்ஸ் எடுக்கறப்ப அந்தப் பீப் பீப் சத்தம் வீட்டையே எழுப்பிருது. வினோதினிக்குப் பரீட்சை. ஒரு மாசம் மட்டும்"னான். வினோதினி அவன் பொண்ணு. நர்சிங். ஒரு மாசம் மட்டும்னு எவ்வளவு நைசா கேக்கறான் பாத்தீங்களா? என் வண்டி, என் சத்தம், என் பொழப்பு. நாலு மணிக்குப் போனாத்தான் செபாஸ்டியன் தோட்டத்துல கேரட் ஏத்த முடியும். கட்டிங் பிளேயரை எடுத்தேன், அவன் பாத்துக்கிட்டு இருக்கும்போதே வண்டிக்கு அடில படுத்து அந்த பீப்பரோட வயரை நறுக்கினேன். நறுக்கி அவன் கையிலயே குடுத்தேன். "வச்சுக்க. ஒரு மாசம் இல்ல, இனி எப்பவும் கேக்காது." அதோட பேச்சு வார்த்தை முடிஞ்சுது.

முகம் செத்துப்போச்சு அவனுக்கு. அந்த முகத்தை நான் அடிக்கடி நினைச்சுப் பாத்துக்குவேன்.

அடுத்த வாரத்துலேருந்து பேட்டரி இறங்க ஆரம்பிச்சுது. அடுத்த வாரம் பாய். இதுக்கு மேல என்ன சாட்சி?

என்ன, விளக்குப் பிடிக்கணுமா? பிடிச்சுட்டேன். இது நீங்க கொண்டு வந்த பேட்டரியா? சரி, என்னோடதுல உசுரே இல்லையே, அதுல என்னத்தைச் சோதிக்க முடியும். கியரா? இல்லைங்க, மாத்தல. நீங்களே உள்ள பாருங்க. மூக்கு கீழ பாத்து நின்னா ரிவர்ஸ்ல போட்டு நிறுத்துவோம், மூக்கு மேல பாத்து நின்னா ஒண்ணாவது. மேல்மலைல எல்லாரும் அப்படித்தான். இந்தக் குளிர்ல ஹேண்ட் பிரேக்கை நம்பி எவனும் தூங்க மாட்டான். சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைப்போம். ஆமா, திருப்ப இடம் இருந்தா திருப்பி மேல பாத்துத்தான் நிறுத்துவேன், காலைல நேரா ஏறிடலாம். அவன் ஜீப் நிக்கிற அன்னிக்குத் திருப்ப முடியாது, இப்படிக் கீழ பாத்தபடியே விட்டுடுவேன். அது எதுக்கு உங்களுக்கு?

மத்தவங்க யாரும் கியரைப் பத்திக் கேட்டதில்ல. அதான் கேட்டேன்.

நானும் சும்மா இருக்கல. பேனட் இடுக்குல கறுப்பு நூல் கட்டி வச்சேன். எவன் திறந்தாலும் அறுந்துடணும். காலைல போய்ப் பாக்கறேன், நூல் கட்டினது கட்டினபடி இருக்கு, பேட்டரி செத்துக் கிடக்குது. அப்ப அவன் எவ்வளவு நுணுக்கமான ஆள்னு யோசிச்சுப் பாருங்க. பேட்டரிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன். பூட்டும் அப்படியே இருக்கு. பூட்டைத் திறந்து பூட்டத் தெரிஞ்சவன்.

இன்னொண்ணு சொல்றேன். மொதல் ரெண்டு தடவை பேட்டரி இறங்கினப்ப அவன்தான் வந்தான். கூப்பிடல, தானா வந்தான். ஜீப்பைத் தள்ளி நிறுத்தி, யார்கிட்டயோ இரவல் வாங்கின கேபிளைப் போட்டு ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தான். மூணாவது தடவைக்குப் புதுக் கேபிளே வாங்கி வச்சிருந்தான். மடமடன்னு எடுத்துக்கிட்டு வர்றான். நாளைக்கு எவன் வண்டி நிக்கும்னு தெரியாதவன் எதுக்கு பாய் கேபிள் வாங்கி வைக்கிறான்? அந்தப் பொண்ணு டார்ச் அடிச்சுச்சு. பல்லு தெரிஞ்சுது. குளிர்லகூட இருக்கலாம். எனக்குச் சிரிப்பாத்தான் தெரிஞ்சுது. நாலாவது தடவைலேருந்து நான் அவன் கேபிளைத் தொடல. தோட்டத்து ஆளுங்க நாலு பேரைக் கூப்பிட்டு இந்த மேட்டுல தள்ள வச்சேன். கேரட் லோடு லேட்டு. லேட்டு, லேட்டு, ஒரு நாள் செபாஸ்டியன் சொல்லிட்டாரு. "ரங்கராஜ், உன் வண்டியை நம்பினா என் கேரட்டு முளைச்சுரும்"னாரு. இருபது பேர் நின்னு சிரிக்கறப்ப. பதினோரு வருஷம் அவருக்கு ஓட்டினேன். அந்தச் சிரிப்பையெல்லாம் நான் எவன் கணக்குல வைக்கறது?

நேர்லயே பாத்தேன் பாய். புரட்டாசில. சாயங்காலம், பனி இறங்கிக்கிட்டு இருக்கு. நான் ஜன்னல்ல நிக்கறேன். இவன் என் வண்டிக்குப் பின்னாடி வந்தான். சுத்தியும் பாத்தான். குத்த வச்சு உக்காந்து தார்ப்பாயைத் தூக்கி உள்ள பாக்கறான். ஒரு நிமிஷம் இருக்கும். நான் மூச்சே விடல. கையும் களவுமா பிடிக்கணும்ல. அப்புறம் எழுந்து நேரா என் வீட்டுக் கதவைத் தட்டறான். என்ன நெஞ்சழுத்தம். "நான் இல்லைன்னு சொல்லு"ன்னேன் என் வீட்டுக்காரிகிட்ட. அவ போய்ட்டு வந்து, "வண்டியைப் பத்தி ஏதோ சொல்லணுமாம்"னா. "அவன் ஒண்ணும் சொல்ல வேணாம்னு சொல்லு. என் வண்டியைத் தொட்டா கை இருக்காதுன்னும் சொல்லு." சத்தமாத்தான் சொன்னேன், அவனுக்கே கேட்டிருக்கும். போய்ட்டான். மறுநா காலைல, சிவப்பு வட்டம். இதோ, இதான் அந்த நாள்.

தார்ப்பாயா? அது எப்பவும் தொங்கும். மார்க்கெட்ல சரக்கு இறக்கினதும் இழுத்துக் கட்டிப் பின்னாடி தொங்க விட்டுத்தான் ஏறுவேன். பனி பட்டுப் பட்டு பாடி துருப்பிடிக்குது. டெயில் லைட்டை மறைக்குதுன்னு ஒரு தடவை செக்போஸ்ட்ல போலீஸ்காரர் நிறுத்தினாரு. "பின்னாடி வர்றவனுக்கு நீ இருக்கறது எப்படிய்யா தெரியும்?"னாரு. "நான் மெதுவாத்தான் சார் போவேன்"னேன். விட்டுட்டாரு.

இன்னிக்கு உங்களை வரச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. கீழ நீலச் சேர் போட்டிருக்கான் பாருங்க. இன்னிக்கு அவன் பொண்ணுக்குப் பூ வைக்கிறாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போடி ஊர்க்காரங்க. சொந்தம் எல்லாம் வந்து உக்காந்தாச்சு. என் வீட்டுக்காரிகூட அங்கதான் வடை சுட்டுக்கிட்டு இருக்கா, அவளுக்கு ரோஷம் கிடையாது. அத்தனை பேர் இருக்கறப்ப, நீங்க வண்டிலேருந்து ஒரு வயரைப் பிடுங்கி, "இது எவனோ கை வச்ச வேலை"ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். சத்தமா வேணாம். மெதுவாச் சொன்னா போதும். நான் சத்தமாச் சொல்லிக்குவேன்.

சொந்தம் இருக்கும். மாப்பிள்ளை வீடு இருக்காது. வர மாட்டாங்க.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? போன ஞாயித்துக்கிழமை வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா, சித்தப்பா. பூ வைக்கிறதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்துல விசாரிக்கிறது உண்டு இல்ல, அதுக்கு. காரை மேல ரோட்டுலயே நிறுத்திட்டு நடந்து இறங்கினாங்க. முதல் வீடு என் வீடு. எட்டு மாசமா தெய்வம் எனக்கு ஒண்ணும் குடுக்கல, அன்னிக்குக் குடுத்துச்சு. உக்கார வச்சேன். காப்பி குடுத்தேன். அந்தம்மா கேட்டாங்க, "பக்கத்து வீட்டுப் பொண்ணு வினோதினி எப்படிங்க?"ன்னு.

நான் பொய் சொல்லல பாய். எங்க வேணாலும் சத்தியம் பண்றேன். தப்பா ஒரு வார்த்தை அந்தப் பொண்ணைப் பத்திச் சொல்லல. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். அப்புறம், "அதை என்கிட்டக் கேக்காதீங்கம்மா. பக்கத்து வீடு. நான் சொன்னா நல்லா இருக்காது"ன்னேன். அவ்வளவுதான். அந்தம்மா கையில காப்பி டம்ளர் அப்படியே நின்னுச்சு. "ஏதாவது இருந்தா சொல்லிடுங்க"ன்னாங்க. "எனக்கும் பொண்ணு இருக்கு, விடுங்க"ன்னேன். அந்தச் சித்தப்பா எழுந்தே நின்னுட்டாரு. கீழ அவன் வீட்டுப் பக்கம்கூடத் திரும்பிப் பாக்காம மேல ஏறிட்டாங்க. போறப்ப அந்தம்மா ஒரு சீட்டுல நம்பர் எழுதிக் குடுத்தாங்க, "சொல்லணும்னு தோணுச்சுன்னா கூப்பிடுங்க"ன்னு. இதோ, பையிலதான் இருக்கு.

இவனுக்கு இன்னும் தெரியாது. இங்க டவர் கிடையாது, ரோட்டுக்குப் போனாத்தான் போன். நாலு நாளா ஏறி ஏறிப் போய்க் கூப்பிடறானாம், அவங்க எடுக்கலையாம். கல்யாண வேலைல இருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறான். பத்தரைக்கு வரணும். இப்ப மணி என்ன? பதினொண்ணா? பாருங்க, அந்தச் சேர்ல இருக்கிறவங்க எல்லாம் கழுத்தை மேல தூக்கி ரோட்டைப் பாக்கறாங்க. எத்தனையோ நாள் நான் அப்படித்தான் இந்த வண்டிக்குள்ள உக்காந்து தள்ள ஆள் வருதான்னு ரோட்டைப் பாத்தேன்.

மீட்டர் என்ன காட்டுது? மூணரை ஆம்பியரா? அது ரொம்பவா? சாவியே போடாம மூணரையா? பாத்தீங்களா, பாத்தீங்களா. இப்பவும் குடிச்சுக்கிட்டு இருக்கு. எங்கயோ வச்சிருக்கான். ஒவ்வொரு ஃபியூஸா பிடுங்குங்க. மாறலையா? அடுத்தது? அதுவும் மாறலையா? எல்லா ஃபியூஸும் பிடுங்கியாச்சா? ஃபியூஸுக்கே அகப்படாத மாதிரி வச்சிருக்கான் பாய், நான் சொல்லல?

அந்தச் சிவப்பு வயரா? அதை விடுங்க. அது என் வயர். நான் போட்டது. ஆமா, பேட்டரிலேருந்து நேரா. பீப்பரை நறுக்கினேன்ல, அப்பவே போட்டேன். தோட்டத்துல இருட்டுல கேரட் ஏத்தறோம், பின்னாடி வெளிச்சம் வேணும், அதுக்காக என்ஜினை ஓட விட முடியுமா. ரிவர்ஸ் லைட்டுக்கு நேரா இழுத்துட்டேன். சாவி இல்லாமலே ரிவர்ஸ்ல தட்டினா பின்னாடி பகல் மாதிரி இருக்கும். எலக்ட்ரீஷியனே தேவையில்ல, அரை மணி நேரம். உங்க முன்னாடி சொல்லக்கூடாது. செபாஸ்டியனே பாத்துட்டு, பரவாயில்லையேன்னாரு. நீங்க அதுல நேரத்தை வீணாக்காதீங்க, வேற இடம் பாருங்க.

எங்க போறீங்க? பின்னாடியா? பின்னாடி என்ன இருக்கு. அவன் அன்னிக்கு உக்காந்த இடத்துலயே நீங்களும் உக்காருறீங்க. தூக்குங்க, தூக்கிப் பாருங்க.

எரியுதா? எது எரியுது?

தள்ளுங்க, நான் பாக்கறேன்.

ரெண்டு ரிவர்ஸ் லைட்டும் எரியுது.

இல்ல, இது இப்ப நீங்க புது பேட்டரி குடுத்ததால எரியுது. ராத்திரி எரிஞ்சிருக்காது. எரிஞ்சா நான் பாத்திருக்க மாட்டேனா? தார்ப்பாய் மறைக்குது, சரி. காலைல நான் வர்றப்ப பேட்டரியே செத்திருக்கும், சரி. நான் ஏறினதும் நியூட்ரலுக்குத் தள்ளிருவேன், அதுவும் சரி. பாய், நீங்க கியரை எடுத்துட்டு மறுபடி மீட்டரைப் பாருங்க. ஒண்ணுமே இல்லையா? பூஜ்யமா? திரும்ப ரிவர்ஸ் போடுங்க.

போதும். விடுங்க.

அப்ப, மேல பாத்து நிறுத்தினா ஒண்ணாவது கியர். லைட்டு இல்ல. கீழ பாத்து நிறுத்தினா ரிவர்ஸ். கீழ பாத்து எப்ப நிறுத்துவேன்? அவன் ஜீப் நிக்கறப்ப. காலண்டரைக் குடுங்க இப்படி. பதினாலும் சரியாத்தான் இருக்கு. சிவப்பு இல்லாத நீலமெல்லாம் நான் நடுராத்திரிக்கு மேல வந்து நிறுத்தின நாள். நான் போட்ட வட்டம் ஒண்ணுகூடத் தப்பில்ல.

அன்னிக்கு இங்க குத்த வச்சு உக்காந்தானே, இந்த வெளிச்சத்தைத்தான் பாத்திருக்கான்.

சரி, பாத்தான். பாத்தவன் சொல்லணுமா வேணாமா? கதவைத் தட்டினான், வாஸ்தவம். தட்டினா போதுமா? உள்ளேருந்து ஒருத்தன் நாலு வார்த்தை திட்டினா திரும்பிப் போயிருவானா? நெஜமாவே நல்லவனா இருந்தா வாசல்ல நின்னு கத்திச் சொல்லியிருப்பான், "மச்சான், லைட்டு எரியுது"ன்னு. மூணே வார்த்தை. என் வீட்டுக்காரி ஈஸ்வரிகிட்டயாவது சொல்லியிருக்கலாம். நான் லேட்டாகட்டும்னு மனசுக்குள்ள ஒரு ஓரத்துல இருந்திருக்கும் பாய். அந்தப் பீப்பரை மட்டும் அவன் நறுக்கச் சொல்லாம இருந்தா, நிறுத்தின உடனேயே கத்தியிருக்கும்ல? நறுக்கச் சொல்லலதான். ஒரு மாசம்னுதான் சொன்னான். ஆனா யாரால நறுக்கினேன்?

என்னை அப்படிப் பாக்காதீங்க.

இந்த நம்பரைக் கூப்பிட்டு நான் என்ன பேசறது? நீங்களே சொல்லுங்க. "அம்மா, எலக்ட்ரீஷியன் வந்து பாத்தாரு, ரிவர்ஸ் லைட்டு எரிஞ்சிருக்கு, அதனால அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு"ன்னா? எந்த வாயால? அப்ப அன்னிக்கு ஏன்யா அப்படிச் சொன்னேன்னு கேட்டா? நான்தான் ஒண்ணும் சொல்லவே இல்லையே. சொல்லாததை எப்படித் திரும்ப எடுத்துக்கறது? சொல்லியிருந்தாலாவது தப்புன்னு சொல்லலாம். அதுவும் ரோட்டுக்குப் போனாத்தான் டவரு. நடந்தா பத்து நிமிஷம். முட்டி வலி வேற. பாக்கலாம். சாயங்காலம் பாக்கலாம். அவங்க வழில வந்துக்கிட்டுகூட இருக்கலாம், டயர் பஞ்சர் ஆகியிருக்கலாம். நாம எதுக்கு இடைல புகுந்து குட்டையைக் குழப்பணும்.

ஒண்ணு செய்ங்க பாய். யார் கேட்டாலும் எலின்னு சொல்லிடுங்க. எலி வயரைக் கடிச்சிருக்குன்னு. எலி யார் வீட்டு எலின்னு எவனும் கேக்க மாட்டான். எவனோ கை வச்சதுன்னு சொல்ல வேணாம், அதை விட்டுடுங்க. பாத்தீங்களா, அவனுக்காக அதைக்கூட விட்டுக் குடுக்கறேன்.

யாரோ ஏறி வர்றாங்க. பட்டுச் சேலை. அது வினோதினி. தலை நிறையப் பூவை வச்சுக்கிட்டு எதுக்கு இங்க வருது? கையில டீ. உங்களுக்குத்தான் கொண்டு வருது.

வாம்மா. இங்க எதுக்கும்மா நீ ஏறி வந்தே, சேலையெல்லாம் மண்ணு. குடு, பாய்க்குக் குடு. எனக்கு வேணாம். சரி, குடு. என்னது, கேபிளா? அப்பா கொண்டு வரவான்னு கேட்டாரா? வேணாம், வேணாம், விருந்தாளிங்க இருக்கறப்ப அவரை அலைய விடாதே. எலிம்மா. எலி கடிச்சிருக்கு. பாய் பாத்துட்டாரு.

காரா? இங்கேருந்து ரோடு தெரியாதும்மா, வளைவுல பனி. வருவாங்க. எங்க போயிரப் போறாங்க. நீ போய் உள்ள உக்காரு. அந்தப் பக்கம் போகாத, அங்க வண்டிக்குப் பின்னாடி ஒண்ணுமில்ல. இப்படி முன்னாடி சுத்திப் போ.

பாய், டீயை அப்புறம் குடிக்கலாம். முதல்ல அந்தத் தார்ப்பாயை இறக்கி விடுங்க.